இறங்கும் காலுக்குத் தக்கை

போன வாரம் நான் பட்டறைக்கு வந்தபோது, உங்களில் ஒருவர் புதிதாக வந்த நுரைத் துண்டு ஒன்றை என் கையில் வைத்து, "ஐயா, உங்கட காலத்தில பொய்க்காலின்ர குதிக்கு என்ன வைச்சனீங்கள்?" என்று கேட்டீர்கள். தக்கை என்று சொன்னேன். போத்தல் மூடுகிற அந்தத் தக்கையா என்று சிரித்தீர்கள். அதே மரப்பட்டைதான். ஆனால் அதைக் குதியில், குதிகால் இருக்கும் இடத்தில், வைக்கலாம் என்று எங்களுக்கு ஒரே நாளில் தெரிந்துவிடவில்லை. ஒரு பெண் விழுந்தாள், அதன் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு உங்களுக்கு நேரம் இருக்கவில்லை, எனக்கும் பஸ்ஸுக்கு அவசரம். அதனால் அந்தக் கதையை இப்போது எழுதுகிறேன்.

கண்டி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், மேட்டு வீதியில் இருந்தது எங்கள் பட்டறை. வாசலில் இறங்குவதற்குக் கருங்கல் படிகள். பொய்க்கால்களும், கால் குட்டையானவர்களுக்கு அடி உயர்த்திய சப்பாத்துகளும் செய்தோம். மர வேலை என்னுடையது. தோல் வேலை ஹனிபாவுடையது. அவர் அலவத்துகொடக்காரர். என் வயதுதான். இரண்டு பேரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒருவர் செய்ததில் மற்றவர் குறை கண்டுபிடிக்காத நாள் எங்களுக்குச் சப்பென்று இருக்கும். கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்த நாட்களும் உண்டு. ஆனால் அந்த நாட்களில்கூட அவர் வீட்டிலிருந்து வந்த சோற்றில் பாதி என் தட்டுக்கு வந்துவிடும்.

தேயிலை விலை விழுந்து தோட்டங்களில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. வேலை செய்ய முடியாதவர்களைக் குடும்பத்தோடு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே பிறந்தவர்களா, இங்கே பிறந்தவர்களா என்று பெரிதாகப் பார்ப்பதில்லை.

அப்படி ஒரு நாளில்தான் மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து அந்தோணியம்மா எங்களிடம் வந்தாள். கொழுந்து பறிப்பவள். மழையில் மலைச்சரிவிலிருந்து உருண்டு வந்த கல் அவளுடைய வலது கணுக்காலை நசுக்கிவிட்டது. கண்டி ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்திருந்தார்கள். புண் ஆறியதும் டாக்டர் எங்களிடம் அனுப்பினார். கூடவே அவளுடைய கணவன் அருளப்பன் வந்தான். தோட்டத்து ஆலையில் வேலை செய்பவன். அதிகம் பேச மாட்டான். மனைவி உட்காரும்போது கதிரையைப் பிடித்துக்கொள்வான். எழும்போது அவள் கையைப் பிடிக்கப் போவான். அவள் அதைத் தட்டிவிடுவாள்.

வந்தவுடன் அவள் கேட்டது ஒரே கேள்வி.

"மலையில ஏறலாங்களா?"

ஏறலாம் என்று நான் சொன்னேன். எங்களிடம் சீமையிலிருந்து வந்த நல்ல மாதிரி ஒன்று இருந்தது. லுணுமிதெல்ல மரத்தைக் குடைந்து, மிச்சமிருக்கும் கால் உள்ளே அமரும்படி குழியைச் சீவினேன். தொடையைச் சுற்றும் தோல் பட்டையை ஹனிபா தைத்தார். குதியில், மாதிரியில் இருந்தபடியே, கட்டி றப்பர் வைத்தோம். பட்டறையின் சீமெந்துத் தரையில் அவள் முதல் தடவை நடந்தபோது, தடியைக்கூட விட்டுவிட்டு இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போனாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு எங்கள் முதுகில் தட்டினார். அருளப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசல் பக்கம் போய் நின்றான்.

சில வாரங்கள் கழித்து அவர்கள் திரும்பி வந்தார்கள். மிச்சக் காலின் நுனியில் தோல் உரிந்து சிவந்திருந்தது. முழங்கையிலும் காயம். கூடையோடு மலையில் இறங்கும்போது விழுந்து, மழைத் தண்ணீர் ஓடும் கானுக்குள் உருண்டிருந்தாள்.

நான் பொய்க்காலை வாங்கிப் பார்த்தேன். ஒரு கீறலும் இல்லை. பட்டை இறுக்கமாக இருந்தது. குழியும் சரியாக இருந்தது. காலில் ஒரு குறையும் இல்லையே என்று சொன்னேன்.

"கால்ல கொற இல்லீங்க" என்றாள் அவள். "ஏறும்போது நல்லாத்தான் இருக்கு. எறங்கும்போதுதான் அது என்னைய எத்தி விடுது."

அவள் குரலில் கோபம் இருக்கவில்லை. மாடு ஒன்று முரண்டு பிடிக்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

அவள் புண்ணுக்கு மருந்து கட்டப் போயிருந்தபோது, அருளப்பன் எங்களிடம் வாயைத் திறந்தான். தோட்டத்துத் துரை விடுமுறையில் சீமைக்குப் போகப் போகிறார், போவதற்கு முன்னால் யார் இருப்பது யார் போவது என்று முடிவு செய்துவிடுவார், கங்காணி அந்தோணியம்மாவின் பெயரைப் போகிறவர்கள் பக்கம் சொல்லியிருக்கிறார் என்றான். டாக்டர் துரைக்கு எடுத்துச் சொன்னதால் ஒரு சலுகை கிடைத்திருந்தது. துரை புறப்படும் வாரத்தில் மலையில் அவளை ஒரு முறை நேரில் பார்ப்பார். கூடை நிறையக் கொழுந்தோடு அவள் இறங்கி வந்தால் இருக்கலாம்.

"அவ அந்த லயத்துலதாங்க பொறந்தா. அந்தப் பக்கம் எங்களுக்கு யாரு இருக்கா" என்றான்.

அவர்கள் போன பிறகு நானும் ஹனிபாவும் வெகுநேரம் சண்டை போட்டோம். குழியின் சாய்வை மாற்ற வேண்டும் என்பது என் கட்சி. பட்டையை இன்னும் மேலே கொண்டுபோக வேண்டும் என்பது அவர் கட்சி. கடைசியில் அவர் கையிலிருந்த தோலை வாங்குப் பலகையில் போட்டுவிட்டுச் சொன்னார்:

"நாங்க ரெண்டு பேரும் அந்த மலையப் பாத்து ஈக்கிறமா? இல்லத் தானே. பொறகு எதுக்கு இங்க உக்காந்து கத்திக்கிட்டு ஈக்கிறம்?"

தம்பிமாரே, தங்கச்சிமாரே, பட்டறையில் எடுத்த முடிவுகளில் நல்லது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். அடுத்த நாள் நாங்கள் எதையும் சீவவும் இல்லை, தைக்கவும் இல்லை. வத்தேகமை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினோம்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பெண்கள் இறங்கி வரும் நேரமாகப் பார்த்துப் போய் நின்றோம். அந்தோணியம்மா ஊன்றுகோலோடு எங்கள் பக்கத்தில் நின்று, கவனிக்க வேண்டியதைக் காட்டினாள். பெண்கள் நேராக இறங்குவதில்லை. பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலைக் கீழே போட்டு மற்றக் காலை அதனோடு சேர்த்து, நண்டு மாதிரி வந்தார்கள். கீழே போடும் கால் மெதுவாக விழுவதில்லை. முதுகில் கூடையின் பாரம், கீழே ஈர மண். குதியை ஓங்கிக் குத்தித்தான் பிடிமானம் எடுக்கிறார்கள். அதுவும் முழுக் குதியும் ஒன்றாக விழுவதில்லை. சரிவில் மேட்டுப் பக்கமாக இருக்கிற உள் ஓரம் முதலில் மோதும். பிறகு மற்றப் பக்கம் படியும். நான் பட்டறையில் கண்ணை மூடி யோசித்தபோது வெளி ஓரம் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஹனிபாவுக்குப் பார்த்தது போதவில்லை. ஒரு பெண்ணிடம் கூடையைக் கேட்டு வாங்கி, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, சப்பாத்தைக் கழற்றிவிட்டு இறங்கத் தொடங்கினார். நாலு எட்டு நன்றாகத்தான் வைத்தார். அடுத்த எட்டில் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து, அப்படியே சறுக்கிக்கொண்டு மடுவம் வரைக்கும் போனார். கொழுந்து எல்லாம் பின்னால் சிந்திக்கொண்டே வந்தது. பெண்கள் சிரித்த சிரிப்பில் மடுவத்திலிருந்த கணக்கப்பிள்ளை என்னவோ ஏதோ என்று வெளியே ஓடி வந்தார். கால் போன நாளிலிருந்து அந்தோணியம்மா அன்றைக்குத்தான் சிரித்தாள் என்று அருளப்பன் பிறகு எனக்குச் சொன்னான்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஹனிபா உட்கார முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசினார். நோவு குதியில் இல்லை, அடி நேராக முழங்காலுக்கு ஏறுகிறது, சதை உள்ள கால் அதில் பாதியை விழுங்கிவிடுகிறது, நம்முடைய கால் எதை விழுங்குகிறது என்று கேட்டார்.

பட்டறைக்கு வந்ததும் அதைப் பார்த்தோம். கூரை ஓடு ஒன்றைத் தரையில் வைத்து, அதன் மேல் கட்டி றப்பரை வைத்து, சப்பாத்து தைக்கிற இரும்பு அச்சை உயரத்திலிருந்து விட்டேன். ஓடு உடையவில்லை. நான் சந்தோசப்படுவதற்குள் அந்த இரும்பு எகிறி ஹனிபாவின் பெருவிரலுக்குப் பக்கத்தில் விழுந்தது. அவர் ஒரு காலைத் தூக்கிக்கொண்டே நின்று அதைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"சவரிமுத்து, அந்தப் புள்ள சொன்னது இதத்தான்."

ஓடு உடையாமல் இருந்தால் போதும் என்று எண்ணிவிட்டோம். விழுந்த இரும்பு பிறகு எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. றப்பர் வாங்கிய அடியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். தட்டைத் தரையில் அந்தத் துள்ளல் நடையை எடுத்துக் கொடுக்கும். அதனால்தான் சீமெந்தில் அவள் அவ்வளவு அழகாக நடந்தாள். சரிவில், முதுகில் பாரத்தோடு, ஒற்றைக் காலில் நிற்கிற அந்த நொடியில், அதே துள்ளல் ஆளைக் கவிழ்த்துவிடும்.

பிறகு கையில் அகப்பட்டதை எல்லாம் ஓட்டின் மேல் வைத்துப் பார்த்தோம். கம்பளி சப்பையாகி அப்படியே கிடந்தது. தோல் மரத்தைவிடக் கொஞ்சம்தான் மேல். உயரச் சப்பாத்துகளுக்கு அடியில் வைக்கிற தக்கையில் ஒரு சின்னத் துண்டு அலுமாரியில் கிடந்தது. அதை வைத்தபோது இரும்பு 'தொப்'பென்று விழுந்து அங்கேயே படுத்துக்கொண்டது. தக்கை அமுங்கும்போது பக்கவாட்டில் பிதுங்குவதுமில்லை. உள்ளே காற்று அடைத்த சின்னச் சின்ன அறைகள் அதற்கு. அமுங்கி, பிறகு அவசரப்படாமல் மெல்ல எழுந்து வருகிறது. வாங்கியதில் ஒரு பங்கைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது.

ஆனால் நல்ல தக்கைப் பலகை அப்போது கொழும்பிலிருந்து வருவது நின்றுபோயிருந்தது. பதிலாக வேறொன்று வந்தது: தக்கையைத் துகளாக்கிப் பசை போட்டு அழுத்திய பலகை. இயற்கைத் தக்கையில் இருக்கிற ஓட்டை, கீறல் ஒன்றும் அதில் இல்லை. ஒரே சீராக, பார்க்கவும் அழகாக இருந்தது. ஓட்டின் மேல் வைத்த சோதனையிலும் தேறியது. உள் ஓரம் கொஞ்சம் கனமாக வரும்படி வெட்டி, மெல்லிய தோலால் மூடிப் புதிய குதி செய்தோம்.

துரை பார்க்கும் நாளுக்கு முதல் நாள் அந்தோணியம்மா காலை மாட்டிப் பார்க்க வந்தாள். அன்றைக்குக் கண்டியில் விடாத மழை. சீமெந்துத் தரையில் நடந்தது போதும் என்று அவளே சொல்லிவிட்டு, வாசல் கருங்கல் படிகளில் இறங்கினாள். ஏறினாள். மறுபடி இறங்கினாள். ஹனிபா குடையோடு அவள் பின்னாலேயே ஏறி இறங்கினார். எத்தி விடவில்லை என்று அவள் சொன்னாள். என் மனம் குளிர்ந்தது. இன்னும் கொஞ்சம் நடந்து பார்க்கிறேன் என்று அவள் தொடர்ந்தாள்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால், கடைசிப் படியில் அவள் காலை வைத்ததும் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. ஹனிபா குடையைப் போட்டுவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டார். குதியின் தோல் பிரிந்து, உள்ளே இருந்த தக்கை ஈரத்தில் பசை விட்டு, பிட்டு மாதிரி உதிர்ந்திருந்தது.

அவளை உள்ளே கொண்டுவந்து கதிரையில் உட்கார வைத்தோம். அருளப்பன் படியில் உட்கார்ந்து உதிர்ந்த துண்டுகளைப் பொறுக்கினான். எதற்கு என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

நாளை விடிந்தால் அவள் மலையில் நிற்க வேண்டும். எனக்கு முன்னால் இரண்டு வழி தெரிந்தது. பழைய றப்பரை மறுபடி வைத்து, நாளை ஒரு நாள் மட்டும் மிகவும் கவனமாக இறங்கச் சொல்லலாம். ஒரு தடவைதானே, சமாளித்துவிடலாம். இல்லாவிட்டால் டாக்டரிடம் போய் நாள் தள்ளிக் கேட்கலாம். துரை தள்ளமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். நான் றப்பரைக் கையில் எடுத்துவிட்டேன். ஹனிபா அதை என் கையிலிருந்து வாங்கி அலுமாரியில் வைத்து மூடினார். விழுத்தும் என்று தெரிந்த காலை அவள் உடம்பில் மாட்டக் கூடாது, கப்பலேறினாலும் முழு உடம்போடு ஏறட்டும் என்று மெதுவாக, அவள் காதில் விழாமல் சொன்னார். அவர் சொன்னது சரி. நெருக்கடியில் முதலில் கைக்கு வருவது பழக்கமானது. அது கைக்கு வந்துவிட்டது என்பதற்காகவே அதை நம்பிவிடாதீர்கள்.

அந்த நேரத்தில்தான் மாஸ்டர் வந்தார். கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்த யாழ்ப்பாணத்தவர். சிறு வயதில் வந்த காய்ச்சலில் ஒரு கால் வளராமல் நின்றுவிட்டது. நாலு விரல் உயரத் தக்கை அடி வைத்த சப்பாத்தில்தான் நடப்பார். புதுச் சப்பாத்து தைத்து முடித்து அலுமாரியின் மேல் வைத்திருந்தோம். அதை எடுத்துப் போக வந்திருந்தார். அதற்குள் இருந்தது, கடைசியாக எங்களிடமிருந்த நல்ல இயற்கைத் தக்கை.

நானும் ஹனிபாவும் ஒருவரையொருவர் பார்த்தோம். கேட்காமல் வெட்டியிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது, இன்னும் தைத்து முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவரோ முன்னால் நிற்கிறார். அவளும் அங்கே இருக்கிறாள். நான் நடந்ததை எல்லாம் சொல்லி, புதுச் சப்பாத்தின் தக்கையைத் தரமுடியுமா, பலகை வந்ததும் வேறு தைத்துத் தருகிறோம் என்று கேட்டேன்.

மாஸ்டர் அருளப்பனிடம் கையை நீட்டினார். உதிர்ந்த தக்கையைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். அந்தோணியம்மாவிடம் மலை எவ்வளவு செங்குத்து, ஒரு நடையில் எவ்வளவு தூரம் இறங்குவாள் என்று விசாரித்தார். பிறகு எங்களிடம் திரும்பினார்.

"தம்பி, புதுசைக் குடுக்க எனக்கு மறுப்பில்லை. ஆனா அது இந்தப் பிள்ளைக்கு உதவாது. புதுத் தக்கை முதல் நாள் நடக்க நடக்கப் பதியும். காலையில இருந்த உயரம் பின்னேரம் இராது. எனக்கெண்டால் வீதியில ஒரு பக்கம் சாயும், அவ்வளவுதான். இவ மலையில நடுவழியில கால் குட்டையாப் போனா என்ன செய்வா?"

சொல்லிவிட்டு வாங்கில் உட்கார்ந்து, காலில் போட்டிருந்த பழைய சப்பாத்தின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

"இதை வெட்டுங்கோ. பதிய வேண்டியதெல்லாம் இது எப்பவோ பதிஞ்சிட்டுது. இனி மாறாது."

அந்தோணியம்மா எழுந்துவிட்டாள், ஒற்றைக் காலில், மேசையைப் பிடித்துக்கொண்டு.

"வேணாங்க ஐயா. நீங்க நடக்க வேணாமா?"

"எனக்குப் புதுசு இருக்குது, பிள்ளை. அதை நான் வீதியில பழக்கிறன். நீர் இரும்."

தக்கையைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது மேசையில் வைத்து வெட்டும் அளவுக்குத்தான். அவருக்குத் தெரிந்தது அதன் மேல் வருடக்கணக்காக நடந்து வந்தது. பட்டறையில் எத்தனையோ தடவை அவர் காலை அளந்திருக்கிறேன். ஒரு நாளாவது இது எப்படி நடக்கிறது என்று அவரிடம் நான் கேட்டிருக்கவில்லை.

ஆனாலும் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அதுவும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதுதான். பழைய அடியிலிருந்து ஒரு துண்டும், புதுச் சப்பாத்துக்கு வெட்டி மிஞ்சிய தக்கையில் ஒரு துண்டும் எடுத்து ஓட்டின் மேல் மாறி மாறி வைத்து, இரும்பைத் திரும்பத் திரும்ப விட்டோம். மாஸ்டர் ஒரு காலில் காலுறையோடு குனிந்து உட்கார்ந்து பார்த்தார். புதுத் துண்டு ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது. பழையது அமுங்கி, மீண்டு, அதே உயரத்துக்கு வந்தது. ஆனால் ஒன்று கண்டோம். இடைவிடாமல் அடித்தால் அதுவும் களைத்துவிடுகிறது, மீண்டு வர நேரம் கேட்கிறது. அதனால் ஒரே அடியிலிருந்து இரண்டு குதி வெட்டினோம். ஒன்று உழைக்கிற நாளில் மற்றது ஓய்வெடுக்கட்டும். ஹனிபா இரண்டையும் தேன்மெழுகில் தோய்த்து, ஈரம் புகாதபடி தோலில் பொதிந்து தைத்தார். பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது.

மாஸ்டர் புதுச் சப்பாத்தோடு படிகளில் இறங்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக. அருளப்பன் குடை பிடித்துக்கொண்டு வீதி வரைக்கும் கூடப் போனான்.

மறுநாள் நாங்கள் இருவரும் மடுல்கெல்லைக்குப் போனோம். மழை விட்டிருந்தது. மண் சொதசொதவென்று இருந்தது. துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி மூவரும் மடுவத்துக்கு முன்னால் நின்றார்கள். நாங்கள் கொஞ்சம் தள்ளி நின்றோம். அந்தோணியம்மா இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, மற்றப் பெண்களோடு சேர்ந்து மேலே ஏறினாள். கூடை நிறையும் வரைக்கும் எல்லோரும் காத்திருந்தோம். ஹனிபா வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். நான் சட்டைப் பையில் செபமாலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இறங்கத் தொடங்கினாள். பக்கவாட்டில் திரும்பி, மரக்காலைக் கீழே போட்டு, மற்றக் காலைச் சேர்த்து. மரக்கால் குத்துகிறது, நிற்கிறது. குத்துகிறது, நிற்கிறது. துள்ளவில்லை. நான் மூச்சு விடத் தொடங்கினேன்.

சரிவின் பாதியில் அவள் நின்றுவிட்டாள்.

நின்றவள் நகரவில்லை. அருளப்பன் ஒரு அடி முன்னால் வைத்தான். கங்காணி துரையிடம் ஏதோ சொல்லத் திரும்பினார். குதிதான் போய்விட்டது என்று நான் நினைத்தேன். தையல் விட்டிருக்கும் என்று ஹனிபா நினைத்தாராம். அப்போது அந்தோணியம்மா பக்கத்துச் செடி மேல் குனிந்து, இரண்டு கையாலும் மளமளவென்று பறித்துத் தோளுக்குப் பின்னால் கூடையில் போட்டாள். பிறகு பழையபடி இறங்கி வந்தாள்.

மடுவத்தில் கூடையை இறக்கியதும், நடுவழியில் ஏன் நின்றாய் என்று துரை கேட்டார். அவருக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாக வரும்.

"நல்ல கொழுந்துங்க தொரை. விட்டுட்டு வர மனசு வரல."

துரை சிரிக்கவில்லை. அவளுடைய காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கணக்கப்பிள்ளையிடம் இவள் பெயர் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் குதிரை நின்ற பக்கம் நடந்தார். ஒரு எட்டுப் போய்த் திரும்பி, வேண்டுமானால் ஸ்டோருக்குக் கீழே இருக்கிற சமதரைத் தேயிலையில் அவளைப் போடலாம் என்றார். அந்தோணியம்மா தன் ஆட்களோடு அதே மலையில்தான் இருப்பதாகச் சொன்னாள். அதையும் அவர் மறுக்கவில்லை. ஹனிபா என்னைப் பார்க்காமல் என் கையைப் பிடித்து அழுத்தினார். பஸ்ஸில் வரும்போது, தொடைப் பட்டையை நீ சொன்னதைவிட ஒரு விரல் மேலே வைத்ததால்தான் நின்றது என்று தொடங்கினார். கண்டி வந்து சேரும் வரைக்கும் அதே சண்டை.

அதன் பிறகு அந்தோணியம்மா தேய்ந்த குதியை மாற்ற இடைக்கிடை வருவாள். நல்ல தக்கை மறுபடி வரத் தொடங்கியதும் நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். புதுக் குதியை யாருக்கும் அப்படியே கொடுப்பதில்லை. இரும்பால் தட்டித் தட்டிப் பதிய வைத்த பிறகுதான் கொடுப்போம். மாஸ்டர் வந்தால், சப்பாத்தை எடுக்க முன்னால் ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்து உட்கார வைத்து, எப்படி நடக்கிறது என்று கேட்போம். அவர் ஒரு பாட நேரம் அளவுக்குச் சொல்வார்.

சில வருடம் போய் ஒரு முறை அவள் வந்தபோது, தோளில் தூளி மாதிரிக் கட்டிய துணியில், நெஞ்சோடு ஒரு பெண் குழந்தை. குதி தேய்ந்திருக்கவில்லை. என்ன விசயம் என்று கேட்டேன்.

"குதி நல்லாத்தாண்ணே இருக்கு. முன்னெல்லாம் பாரம் முதுகுல. இப்ப முன்னால. படியில எறங்கையில கால் எங்க வுழுதுன்னு கண்ணுக்குத் தெரியல. வெரலாலதான் தடவி வைக்கிறேன். அப்ப வெரலு டக்குன்னு மோதுது. மலையில இருந்து லயத்துக்குப் போறதுக்குள்ள ஒவ்வொரு படிக்கும் புள்ள முழிச்சிக்கிது."

மரப் பாதத்தின் முன்பக்கத்தைப் பற்றி நாங்கள் அதுவரை யோசித்ததேயில்லை. அங்கே வெறும் மரம்தான் இருந்தது. நான் விரல் பகுதியைச் சீவி எடுத்தேன். குதிக்கு வைப்பதைவிட மெல்லிய தக்கையை ஹனிபா தேர்ந்தெடுத்தார். கனமாக வைத்தால் ஏறும்போது பாதம் மடங்கிவிடும் என்றார். நான் கொஞ்சம் கனமாகத்தான் வேண்டும் என்றேன். அவள் இரண்டையும் மாட்டி நடந்து பார்த்துவிட்டு, இரண்டுக்கும் நடுவில் ஒன்று கேட்டாள். அதைச் செய்தோம். அதற்குள் குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்கிப்போயிருந்தது.

படியில் இறங்கிப் பார், குழந்தையை அதுவரைக்கும் நான் வைத்திருக்கிறேன் என்று ஹனிபா கையை நீட்டினார். தூக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு வந்த நேரத்திலிருந்தே இருந்தது.

"புள்ளையோட எறங்கினாத்தான தெரியும்" என்றாள் அவள்.

துணியை நெஞ்சோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். நாங்கள் இரண்டு பேரும் கதவு நிலையில் நின்று பார்த்தோம். அவள் கீழே பார்க்கவில்லை. மரப் பாதத்தின் விரலால் முதல் படியைத் தடவி, வைத்து, பாரத்தைக் கொடுத்தாள். அடுத்த படி. அதற்கடுத்த படி. வீதியில் கால் வைத்ததும் நின்று, துணியை விலக்கி உள்ளே பார்த்தாள்.

பிறகு எங்களை நிமிர்ந்து பார்த்து, சத்தம் போடாதீர்கள் என்று உதட்டில் விரலை வைத்தாள்.